தோணி நாய்க்கு வீடு பழக்கியவள்

பொறாமைப்படுவதற்கு எதிரில் இருப்பவர் நமக்குச் சமமானவராக இருக்க வேண்டுமா? அப்படித்தான் என்று ஒரு வாதம் உண்டு. அரசனைப் பார்த்து எவரும் பொறாமைப்படுவதில்லை, அடுத்த வீட்டுக்காரனைப் பார்த்துத்தான் படுகிறோம் என்பார்கள். விஜிலாவை அறிந்த பிறகு அந்த வாதத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. அவளுடைய கணவரை இருபத்தெட்டு வருடம் கடல் வைத்திருந்தது. அதற்காக அவள் கடலைப் பழித்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பத்து வயதான ஒரு பெட்டை நாய் வீட்டுக்குள் வந்த மூன்றாவது நாளே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருவின் கடைசிக்கு முந்தின வீடு அவளுடையது. சொந்த வீடு. தரை முழுவதும் வெள்ளை டைல்ஸ். முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின். பெண்பிள்ளைகள் மாதா கோவிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும்போது போடுகிற வெள்ளைக் கவுன்களைத் தைப்பது அவள் தொழில். நல்ல தையல்காரி என்று சொல்லலாம். கழுத்து வளைவில் மட்டும் கொஞ்சம் அவசரம் தெரியும். அவளுடைய தகப்பனார் சங்கு குளித்தவர். கணவர் பர்னபாஸ் தோணித் தண்டல். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் ஜல்லியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மரக்கப்பலுக்குத் தோணி என்று பெயர். அதை நடத்துகிறவர் தண்டல்.

தோணிகளின் வருடம் செப்டம்பர் பதினைந்தாம் தேதி தொடங்கி மே பதினைந்தில் முடியும். இடையில் உள்ள நான்கு மாதமும் காற்றுக்குப் பயந்து கட்டிக் கிடக்கும். விஜிலாவின் குடித்தனம் அந்த நான்கு மாதங்களில் நடந்தது. மற்ற எட்டு மாதமும் போன். சாப்பிட்டாயா, கரண்ட் பில் கட்டியாயிற்றா, பிள்ளை படிக்கிறாளா என்று மூன்று கேள்விகள் வரும், சிக்னல் போய்விடும். மகள் படித்து, கல்யாணமாகி, கோயம்புத்தூருக்குப் போன பிறகு கேள்விகள் இரண்டாகக் குறைந்தன. அந்த நான்கு மாதமும் முழுதாக அவளுக்குக் கிடைக்கவில்லை. தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு பர்னபாஸ் ஒரு தூக்குச்சட்டியில் மீன்சோறு போட்டுக்கொண்டு பழைய துறைமுகத்துக்குக் கிளம்புவார். கட்டிக் கிடக்கிற தோணியில் நாய் இருந்தது.

அதன் பெயர் பல்லாரி. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கண்திறக்காத குட்டியாகக் கிடந்ததால், மூட்டையில் இருந்த சரக்கின் பெயரையே வைத்துவிட்டார்கள். மாலத்தீவில் நாயை அனுமதிப்பதில்லை. தோணி அங்கே நிற்கும் நாட்களில் பல்லாரி முன்தளத்துக்குக் கீழே உள்ள சிறு அறையில் கிடக்கும். சத்தம் போடக்கூடாது என்று குட்டியிலேயே கற்றுக்கொண்டிருந்தது. பத்து வயதுக்குள் அது குரைத்ததை மொத்தமாக ஏழெட்டுத் தடவைதான் கேட்டிருப்பதாக பர்னபாஸ் சொல்வார், ஏதோ அவருடைய பிள்ளை முதல் வகுப்பில் பாஸானதைப் போல.

போன வருடம் மே மாதம் தோணி கரைக்கு வந்ததும் முதலாளி தோணியை ஒரு இளைஞனிடம் ஒப்படைத்தார். பர்னபாஸுக்கு ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் மடங்குவதில்லை. புதுத் தண்டல் நாய் வேண்டாம் என்றானாம். ஆகவே ஒரு மத்தியானம் ஆட்டோவில் ஒரு தகரப்பெட்டி, சுருட்டிய பாய், பர்னபாஸ், பல்லாரி நான்கும் வந்து இறங்கின. பல்லாரி செம்பழுப்பு நிறம். மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. மரப்பலகையிலேயே வளர்ந்த கால்களுக்கு டைல்ஸ் புரியவில்லை. நான்கு கால்களும் நான்கு பக்கம் வழுக்கின. பர்னபாஸ் குனிந்து, மடங்காத முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு, அதன் பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தரையில் வைத்துக் காட்டினார். விஜிலா அடுக்களை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் நடை பழகியபோது அவர் கடலில் இருந்தார்.

அன்று சாயங்காலமே அவள் ஒரு நிபந்தனை போட்டாள். செப்டம்பரில் கடல் திறக்கிற நாள் வரை நாய் இருக்கலாம். அதற்குள் வீட்டுக்குப் படிந்துவிட்டால் சாகும்வரை இருக்கட்டும். படியவில்லை என்றால் தோணிக்கே போய்விட வேண்டும். புதுத் தண்டலிடம் பேசி ஒரு மூலையில் வைத்துக்கொள்ளச் சொல்வது அவருடைய பொறுப்பு. பர்னபாஸ் சரி என்றார். எதிர்த்துப் பேசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் அவளிடம் எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை, ஒரு நல்ல விருந்தாளியைப் போல.

பிரச்சினை மறுநாள் காலையிலேயே தொடங்கியது. விஜிலா விடியற்காலையில் பூசைக்குப் போவதற்காக முன்கதவைத் திறப்பாள். அதுவரை ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கும் பல்லாரி எழுந்து, அவளைத் தாண்டி வாசலுக்குப் போய், அங்கே கிடக்கும் தேங்காய்நார்த் தும்புக் கால்மிதியின் மேல் நின்று, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். வெளியே தெரு இருந்தது, மணல் இருந்தது, வேப்பமரம் இருந்தது. எதையும் திரும்பிப் பார்க்காது. அவள் கோவிலுக்குப் போக மிதித்து இறங்க வேண்டிய இடத்தில்தான் போகும்.

அவள் கால்மிதியைக் கழுவிக் காயப்போட்டாள். மறுநாளும் அப்படியே. வேறொன்று வாங்கினாள். மெல்லியதாக இருப்பதால்தான் என்று நினைத்து அடுத்ததாகக் கெட்டியாக, 'நல்வரவு' என்று சிவப்பில் எழுதிய ஒன்றை வாங்கிப் போட்டாள். பல்லாரிக்கு அது இன்னும் பிடித்துப்போனது. நாளுக்கு இரண்டு முறை என்பது மூன்றானது. விஜிலா விளக்குமாற்றால் அடித்தாள். நாய் கத்தவில்லை. தலையைத் தரையோடு ஒட்டிவைத்துக்கொண்டு அடி முடியும்வரை காத்திருந்தது. அந்தப் பொறுமைதான் அவளுக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது. தன்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறது என்று அவள் உறுதியாக நம்பினாள். கணவரிடம் சொன்னால் "பழகிருவா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

நாயை அவர் 'அவள்' என்றுதான் சொல்வார். அவள் சாப்பிட்டாளா, அவள் எங்கே, அவளுக்கு என்ன கொடுத்தாய். முதல் வாரத்தில் அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம் மகளைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து விஜிலா பதில் சொல்லியிருக்கிறாள். எதிர் வீட்டு தேவகனி பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள். அவள் தெருக்குழாயடியில் நாலு பேர் இருக்கையில் கேட்டாள்: "ஏளா விஜிலா, ஒம் மாப்பிள்ள நாயக் கூட்டிட்டு வந்தாரா, நாய் அவரக் கூட்டிட்டு வந்துச்சா?" எல்லோரோடும் சேர்ந்து விஜிலாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குடத்தை வைத்த வேகத்தில் தண்ணீர் பாதி கீழே கொட்டிவிட்டது.

ஜூன் மாதத்தில் ஒருநாள் பர்னபாஸ் நண்டு வாங்கி வந்தார். ஒவ்வொரு வருடமும் வாங்கி வருவார், அவள் சமைப்பாள், அவர் சாப்பிடுவார். அன்று ஏதோ நினைப்பில், நீயும் உட்கார் என்றார். தனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது, ஒரு வாய் தின்றாலே உடம்பு தடித்துவிடும் என்று அவள் சொன்னாள். அவர் ஆச்சரியப்பட்டார். எப்போதிலிருந்து என்று கேட்டார். பிறந்ததிலிருந்து என்றாள். அப்படியா என்று சொல்லிவிட்டு, ஒரு நண்டுக்காலை உடைத்து, சதையை உறிஞ்சாமல் விரலால் எடுத்து, ஓடு இல்லையா என்று தடவிப் பார்த்து, நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த நாய்க்கு நீட்டினார். கிழக்கிலிருந்து கொண்டல் காற்று அடித்தால் பல்லாரிக்கு இடது காதில் வலி வரும். அது அவருக்குத் தெரியும். அதற்குத் தேங்காயெண்ணெயை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்பதும் தெரியும்.

விஜிலாவின் பொறாமை நாயின் மேல் அவர் வைத்த அன்பைப் பார்த்து வந்தது என்று தெருவில் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் நாயிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். விஜிலா மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். பேச்சில் ஒன்றும் இருக்காது. காற்று திரும்புகிறது, வெயில் ஏறிவிட்டது, கால் கடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தன்னிடம் சொல்லாத, தான் கேட்க நேராத சாதாரணப் பேச்சு அவரிடம் இவ்வளவு இருந்திருக்கிறதே என்பது அவளை அறுத்தது. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் விசாரிப்பு. இந்தப் பேச்சைப் பத்து வருடமாக நாய் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மாதா கோவில் திருவிழா அன்று தோணியின் பண்டாரி பால்துரை வீட்டுக்கு வந்தார். பண்டாரி என்றால் தோணியில் சமைப்பவர். நாசரேத் பக்கத்துக்காரர். நாற்பது வயதுக்கு மேலே, சிரித்தால் தோள் குலுங்கும். திருவிழாவுக்குத் தோணிக்காரர்கள் தண்டல் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். விஜிலா அன்றைக்கென்று வாசலில் ஒரு புதுக் கால்மிதி போட்டிருந்தாள். பால்துரை செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பல்லாரி ஓடிவந்து அவரை முகர்ந்து, வாலாட்டி, சந்தோஷத்தில் நேராகக் கால்மிதிக்குப் போய் உட்கார்ந்தது.

விஜிலா விளக்குமாற்றை எடுத்தாள். இத்தனை நாளாக இந்த வீட்டில் தன்னை மட்டும் பழிவாங்குவதற்காக இது இப்படிச் செய்கிறது என்று விருந்தாளியிடமே முறையிட்டாள். பால்துரை கால்மிதியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது.

"மைனி, அவ மேல ஒரு தப்பும் இல்ல. நீங்கதான் வாசல்ல கக்கூஸ் கெட்டிக் குடுத்திருக்கீங்க."

பிறகு விளக்கினார். தோணியின் முன்மூக்கில் பழைய தும்புக் கயிற்றைச் சுருட்டிப் போட்டிருப்பார்கள். குட்டியாக இருந்தபோதே அந்தச் சுருளில் மட்டும்தான் போக வேண்டும் என்று பால்துரை அதைப் பழக்கியிருந்தார். முடிந்ததும் கயிற்றை அப்படியே கட்டிக் கடலில் ஒரு முக்கு முக்கி எடுத்துவிடுவார். பத்து வருடத்தில் பலகையில் ஒரு சொட்டு விழுந்ததில்லை. "வீட்டுக்குள்ள வேற எங்கனயாச்சும் போயிருக்காளா? யோசிச்சிப் பாருங்க" என்றார். விஜிலா யோசித்தாள். மே மாதத்திலிருந்து வெள்ளை டைல்ஸில் ஒரு கறை விழுந்ததில்லை. கவுன் துணி தரையில் புரண்ட நாட்களிலும் அதன் பக்கம் நாய் போனதில்லை. தன் உலகத்தில் எது ஒழுங்கோ அதை அந்த நாய் ஒருநாளும் தவறாமல் செய்துவந்திருக்கிறது. அவள் ஒவ்வொரு முறையும் கெட்டியான, புதிய, இன்னும் நல்ல தும்பை வாங்கி அதற்கு வசதி செய்து கொடுத்துக்கொண்டே அடித்திருக்கிறாள். நிலத்து நாயை மட்டுமே அறிந்த எவரும் இந்தத் தவறைத்தான் செய்திருப்பார்கள்.

"ஒங்களுக்கு இது தெரியாதா?" என்று அவள் கணவரைக் கேட்டாள்.

"நான் பின்னால சுக்கான்ல நிக்கேன். முன்னால நடக்கதெல்லாம் பண்டாரி பாடு" என்றார் பர்னபாஸ். அவர் பொய் சொல்லவில்லை. பத்து வருடமாக ஒரே தோணியில் இருந்தும் அவர் அதைப் பார்க்கவில்லை. நண்டு விஷயமும் இதே கணக்குத்தான். அவருக்கு அன்பு உண்டு. கவனம், காற்றுக்கும் கால்வலிக்கும் போக மிஞ்சியதில் கொஞ்சம்.

திருவிழா முடிந்த மறுநாள் விஜிலா நாய்க்குப் பழக்கத் தொடங்கினாள். கருணையால் தொடங்கினாள் என்று சொல்ல எனக்குத் தயக்கம். அடித்ததற்கு வெட்கம் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. கணவருக்குத் தெரியாத ஒன்று, நாயைப் பற்றி, இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நன்றாகக் கறையேறிய பழைய கால்மிதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பரணில் போட்டாள். வாசற்படியிலிருந்து அந்த மிதியை ஒரு முழம் பக்கவாட்டில் நகர்த்திப் போட்டாள். நாய் சற்றுக் குழம்பி, முகர்ந்து, அதில் ஏறி நின்றது. இரண்டு நாள் கழித்து இன்னும் ஒரு முழம். வீட்டுச் சுவரை ஒட்டிய சந்து வழியாக, தினமும் கொஞ்சமாக, கால்மிதி கொல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவசரப்பட்டு மூன்று முழம் தள்ளி வைத்துவிட்டாள். நாய் படியிலேயே நின்று, பழைய இடத்தைப் பார்த்து, அடக்கிக்கொண்டு உள்ளே திரும்பிவிட்டது. பத்து மணி வரை அது அடக்கிக்கொண்டே இருந்தது. அவள் மிதியைத் திரும்பப் பின்னால் கொண்டுவந்து போட்டாள். அவள் யாருக்காகவும் ஒன்றைப் பின்னுக்கு எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

இரண்டரை வாரத்தில் மிதி கொல்லை மணலுக்குப் போய்விட்டது. அதன்பிறகு அவள் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். துணி வெட்டும் கத்தரியை எடுத்து, அந்த மிதியைப் பாதியாக வெட்டினாள். அந்தக் கத்தரியால் காகிதம் வெட்டினால்கூடக் கையில் அடிப்பவள் அவள். நான்கு நாள் கழித்துக் கால்வாசி. பிறகு உள்ளங்கையளவு. ஆகஸ்ட் கடைசியில் தும்பு நாலு இழை மணலில் புதைந்து கிடந்தது. ஒருநாள் அதுவும் இல்லை. பல்லாரி மணலை முகர்ந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, உட்கார்ந்தது. விஜிலா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பாராட்டவோ தட்டிக்கொடுக்கவோ இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றாள், அது தானாக உள்ளே வரும்வரை.

இன்னொரு சிக்கல் இருந்தது. நாய் குரைக்காதே, வெளியே போக வேண்டும் என்று எப்படித் தெரியும்? அதற்கு வழி கண்டுபிடித்தது நாய்தான். மிஷினுக்கு எதிரில் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்க்கும். முதலில் அவள் கவனிக்கவில்லை. பிறகு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தலை தூக்காமலே, பார்க்கப்படுவது அவளுக்குத் தெரியத் தொடங்கியது. கால் தானாக நிற்கும். எழுந்து கதவைத் திறப்பாள். பார்வை பட்டதும் எழுந்து வர ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த வயதான நாய் மிக வேகமாகப் புரிந்துகொண்டது. செப்டம்பர் பிறந்தபோது அது நாற்காலிக்கு அடியில் படுப்பதை விட்டுவிட்டு மிஷின் பெடலுக்கு அருகில் படுக்க ஆரம்பித்திருந்தது.

பர்னபாஸ் கூப்பிட்டால் அது உடனே போகாது. முதலில் விஜிலாவைப் பார்க்கும். பிறகு எழுந்து போகும்.

"இப்பல்லாம் ஒன்னயக் கேட்டுட்டுத்தான் எங்கிட்ட வாரா" என்றார் ஒருநாள்.

"நான் ஒண்ணும் சொல்லலயே" என்றாள் விஜிலா.

அவள் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் அவர் நாய்க்கு ஏதாவது ஊட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, தேவையில்லாமல் அடுக்களையிலிருந்து அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு நாய் எழுந்து வரும். அவள் அதற்கு ஒன்றும் கொடுக்க மாட்டாள். வந்ததே போதும் அவளுக்கு. பர்னபாஸ் கையில் மீன்துண்டோடு உட்கார்ந்திருப்பார். பார்க்க அழகான காட்சி இல்லை. இருபத்தெட்டு வருடத்தின் பாக்கியை அவள் இப்படித்தான் வசூலித்தாள். அந்த நாட்களில் அவள் முகம் தெளிவாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அவரோ சோறு குழைந்துவிட்டது, ஃபேன் சத்தம் போடுகிறது, தெருவில் காற்றே இல்லை என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லத் தொடங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் எதையும் குறை சொன்னதில்லை. விஜிலா அந்தக் குறைகளையும் காது கொடுத்துக் கேட்டாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் அவள் தைத்த கவுன்களைக் கொடுக்க டவுனுக்குப் போய் மத்தியானம் திரும்பினாள். கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. பர்னபாஸ் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் டைல்ஸின் மேல் ஒரு கயிற்றுச் சுருள் கிடந்தது. அதன்மேல் பல்லாரி போயிருந்தது. இப்போது மிஷினுக்கு அடியில் போய், விளக்குமாற்றுக்காகத் தலையைத் தரையில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது.

"பாத்தியா, படியல" என்றார் பர்னபாஸ்.

கயிறு ஏது என்று கேட்டதற்கு, முருங்கையைக் கட்டுவதற்கு எடுத்துவந்ததாகச் சொன்னார். கொல்லையில் முருங்கை நேராகத்தான் நின்றது. விஜிலா குனிந்து கயிற்றை எடுத்தாள். கடையில் வாங்கியது இல்லை. உப்பு ஏறி விறைத்த பழங்கயிறு. பத்து வருடக் கறையும் வாடையும் அதில் இருந்தன. பழைய துறைமுகம் வரை போய், கட்டிக் கிடக்கும் தோணியில் ஏறி, முன்மூக்கு வரை அந்த முழங்காலோடு நடந்து போனால்தான் அதை எடுக்க முடியும். அவள் கயிற்றைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். தரையைக் கழுவினாள். பிறகு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து நாயின் தலையைத் தூக்கி நிறுத்தினாள்.

ஏன் அப்படிச் செய்தார் என்பது இரண்டு நாளில் தெரிந்தது. பால்துரை போன் செய்தார். பர்னபாஸ் கடைக்குப் போயிருந்ததால் விஜிலா எடுத்தாள். தண்டல் அண்ணாச்சிக்குப் பழைய பாயே போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா என்று கேட்டார். எதற்கு என்றாள் அவள்.

"பதினஞ்சாம் தேதி ஏறுதாருல்லா மைனி. ஒங்ககிட்ட சொல்லலயா?"

புதுத் தண்டல் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டானாம். முதலாளி திருவிழா வாரத்திலேயே பர்னபாஸைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் அப்போதே சரி என்றிருக்கிறார். ஆக, அவள் கால்மிதியை முழம் முழமாக நகர்த்திக்கொண்டிருந்த அந்த நாட்களிலெல்லாம் அவர் கிளம்புவதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் இருக்க முடியவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாய் படியவில்லை என்றால் நிபந்தனைப்படி அது தோணிக்குப் போக வேண்டும். நாயைத் தனியாக அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டு அவரும் ஏறிவிடலாம். விஜிலாவே போட்ட நிபந்தனை, அவரால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்டது.

அவள் பால்துரையிடம் புதுப் பாயே வாங்கச் சொல்லி போனை வைத்துவிட்டாள். பால்துரை இதையெல்லாம் பிறகு தேவகனியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த நாட்களில் பர்னபாஸ் மெதுவாகப் பேச்சைக் கொண்டுவந்தார். அவளுக்கு வீடு ஒத்துக்கொள்ளவில்லை, வயதாகிவிட்டது, இனி மாறாது, நானும் கூடப் போனால்தான் சரிப்படும், ஒரே ஒரு சீசன் என்றார். பேசும்போது விஜிலாவைப் பார்க்காமல் நாயைப் பார்த்தே பேசினார். விஜிலா கவுனுக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தாள். பதினாலாம் தேதி பால்துரை வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்றாள்.

பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு பால்துரை ஒரு லோடு ஆட்டோவோடு வந்தார். தேவகனி எதிர் வீட்டிலிருந்து வந்து வாசலில் நின்றுகொண்டாள். நானும் இருந்தேன். பர்னபாஸ் நாற்காலியில் சட்டைப் பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். தகரப்பெட்டி பக்கத்தில் இருந்தது. கட்டியிருக்கிறாரா, காலியாக வைத்திருக்கிறாரா என்று சொல்ல முடியாதபடி மூடியிருந்தது.

நாங்கள் எல்லோரும் இருக்கும்போதுதான் பல்லாரி எழுந்து, விஜிலாவின் எதிரில் போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்தது. விஜிலா எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தாள். நாய் வெளியே போனது. பர்னபாஸ் நாற்காலியில் இருந்தபடி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கொல்லை மணல் முழுதும் தெரியும். நாய் ஒரு சுற்றுச் சுற்றியது, உட்கார்ந்தது, மணலைப் பின்னங்காலால் தள்ளிவிட்டு உள்ளே வந்தது. டைல்ஸில் அது இப்போது வழுக்குவதில்லை.

பால்துரை முன்வாசலில் பெட்டியைத் தூக்கத் தயாராக நின்றார். அவருக்குக் கொல்லைப் பக்கம் தெரியாது. நாய்க்காகத்தான் ஏறுகிறேன் என்று பர்னபாஸ் அவரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

"என்ன மைனி, படிஞ்சிட்டாளா இல்லயா? படிஞ்சிட்டான்னா அண்ணாச்சிக்கு அங்கன ஒரு வேலையும் இல்ல. முதலாளிகிட்ட நான் வேற ஆள் பாக்கச் சொல்லிருதேன்" என்று சிரித்தார்.

பர்னபாஸ் தலை குனிந்திருந்தார். அவர் முகம் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தையில் அந்த மனிதரை அவள் வீட்டோடு வைத்துக்கொள்ளலாம். நாயும் அவளோடு இருக்கும். அல்லது எல்லோர் முன்னாலும் கயிற்றுக் கதையைச் சொல்லி, அவர் தன் வாயால் உண்மையைச் சொல்லும்படி செய்யலாம். மே மாதத்திலிருந்து அவள் விரும்பியதெல்லாம் அன்று அவள் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

விஜிலா நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

"படியல தம்பி" என்றாள். "எவ்வளவோ பாத்தாச்சி. தோணிக்கே கூட்டிட்டுப் போயிருங்க. அவரும் கூட வாராரு."

பட்டையைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டோ கிளம்பும்வரைகூட நிற்காமல், உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று தேவகனி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து கேட்டாள். எல்லோரிடமும் விஜிலா அதே வார்த்தையைத்தான் சொல்கிறாள்: "படியல."